கன்னையாவின் மிக முக்கிய அறிவிப்பு

கன்னையாவுக்குக் குரல் வளம் உண்டு என்று முதன்முதலில் சொன்ன புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. தெரிந்தால் அவரிடம் நான் இரண்டு வார்த்தை பேச வேண்டியிருக்கிறது.

மனுஷர் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். அப்பா தண்டவாளத்தில் வேலை பார்த்தார். மகன் அரசாங்க அலுவலகத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தார். வேலை என்னவென்றால், வருகிற தாளிலெல்லாம் 'டித்ரீமா' என்று ரப்பர் முத்திரை குத்த வேண்டும். மலாயில் அதற்குப் 'பெற்றுக்கொண்டோம்' என்று பொருள். காலை எட்டு மணியிலிருந்து நாலேகால் வரை பெற்றுக்கொண்டே இருப்பார். எதைப் பெற்றோம் என்று அவரும் பார்த்ததில்லை, பார்க்கச் சொல்லி யாரும் கேட்டதும் இல்லை. 1979-இல் பக்கத்து மேசைக்காரர் தன் மகள் கல்யாணப் பத்திரிகையைப் பணிவோடு நீட்டினார். கன்னையா வாங்கி, முத்திரை குத்தி, தேதி போட்டு, சுருக்கொப்பமும் வைத்துத் தட்டில் போட்டுவிட்டார். கல்யாணத்துக்குப் போகவில்லை. "எனக்கு ஒரு பத்திரிகை வைக்கணும்னு தோணல பாருங்க அவருக்கு" என்று மூன்று மாதம் பொருமிக்கொண்டிருந்தார். பத்திரிகை பிறகு கோப்பில் அகப்பட்டது, கையெழுத்தோடு.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் பெயர் நாச்சியப்பன். பிரிக்ஃபீல்ட்ஸில் மாடியறை ஒன்றில் டைப்ரைட்டிங் வகுப்பு நடத்திவந்தேன். பன்னிரண்டு மெஷின்களில் பன்னிரண்டு பேர் ஒரே வரியை நாள் முழுக்க அடிப்பார்கள். யோசிக்காமல் விரல் ஓட வேண்டும், அதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்த இரைச்சலில் நான் நிம்மதியாகக் கண் அசருவேன். சத்தம் நின்றால்தான் திடுக்கிட்டு விழிப்பேன். ஆகவே கன்னையாவைக் கேலி செய்ய எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள், பதில் பின்னால் வருகிறது.

பத்துமலைத் தைப்பூசத்துக்கு எங்கள் நண்பர்கள் மன்றம் வருஷா வருஷம் ஒரு பந்தல் போடும். மற்ற மன்றங்கள் மோரும் சோறும் கொடுத்துப் பேர் வாங்கின. எங்களுக்குக் கிடைத்தது காணாமல் போனவர்கள். பந்தலின் முன்பாதியில் ஒரு மேசை, ஒரு மைக், ஒரு மின்விசிறி. பின்பாதியைக் கித்தான் துணியால் மறைத்து, கண்டெடுத்த குழந்தைகளை அங்கே பாய் விரித்து உட்கார வைப்போம். மைக் கன்னையாவுடையது. வருகிறவர்களிடம் விவரம் கேட்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பது நான். என் கையெழுத்து அச்சுப்போல இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள்.

1976-இல், முதல் வருஷத்தில், கன்னையா மைக்கைத் தொட்டதைப் பார்த்திருக்க வேண்டும். வந்தவர்களிடம் அவரே எழுந்து போய்ப் பத்துக் கேள்வி கேட்பார். காலையில் என்ன சட்டை, குளித்த பிறகு என்ன சட்டை, தலையில் முடி இருக்கிறதா, மொட்டையா, வீட்டில் என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவீர்கள் என்று குடைந்தெடுப்பார். படிக்கும்போது குரல் நடுங்கும். முதல் குழந்தை தாயிடம் போய்ச் சேர்ந்தபோது கூட்டத்துக்கு முன்னாலேயே அழுதுவிட்டார். அன்றைக்கு எனக்கு அவரை நிஜமாகவே பிடித்திருந்தது.

நாலைந்து வருஷத்தில் எல்லாம் படிந்துபோயிற்று. "அன்பார்ந்த பக்தப் பெருமக்களே, ஒரு மிக முக்கிய அறிவிப்பு" என்று ஆரம்பித்து, "எங்கிருந்தாலும் உடனடியாக நமது பந்தலுக்கு வருமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்று முடிப்பார். பிள்ளையைத் தொலைத்தவருக்கும் அதே ராகம், செருப்பைத் தொலைத்தவருக்கும் அதே ராகம், வழியை மறித்து நிற்கும் சிவப்பு லோரிக்கும் அதே ராகம். எல்லாமே மிக முக்கியம் என்றால் எது முக்கியம் என்று கூட்டம் எப்படிக் கண்டுபிடிக்கும்? அவர் படித்துக்கொண்டே எனக்குக் கை ஜாடையில் தே தாரே, அதாவது நுரைக்க ஆற்றிய டீ, வாங்கிவரச் சொல்வார், விசிறியைத் திருப்பச் சொல்வார். "மாஸ்டர், நான் தூங்கிக்கிட்டே படிப்பேன், ஒரு எழுத்து பிசகாது" என்பார். அதைத் தன் திறமை என்று நம்பினார்.

பக்கத்து மேசையில் முதலுதவிக்கு உட்கார்ந்த நர்ஸ் சீதாலெட்சுமி மட்டும் நம்பவில்லை. அவர் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். மனதில் இருப்பதை உடனே சொல்லிவிடுவார், அதனால் மன்றத்தில் அவருக்கு நண்பர்கள் குறைவு.

"அண்ணே, அரை மணிக்கு ஒரு ஆள் மாத்திப் படிங்கலா" என்றார் ஒருமுறை. "ஒரே குரலு, ஒரே ராகம். சனங்க காதுல விழுவுது, மண்டைக்குள்ள போவல."

"என் குரலுக்கு என்னம்மா குறை?"

"குரலுக்கு ஒன்னுமில்லண்ணே. மூளைக்குத்தான். புதுசா ஒன்னு வந்தா அது எழுந்து உக்காரும். அதே பத்து தரம் வந்தா, இது நமக்குத் தெரிஞ்சதுதானேன்னு படுத்துக்கும். மிச்சம் புடிக்கிற புத்தி அதுக்கு. எங்க வார்டுல புதுசா வர்ற நர்ஸு மெஷின் பீப்புன்னா ஓடுவா. ரெண்டு மாசம் போனா அது பாட்டுக்கு அடிக்கும், இவ பாட்டுக்குத் தலைகாணி மாத்துவா. அதனாலதான் எங்கள எடம் மாத்தி மாத்திப் போடுறாங்க. கேக்குறவங்க மட்டுமில்லண்ணே, படிக்கிற உங்களுக்கும் அதேதான்."

"அது மெஷினும்மா. நான் மனுசன்" என்றார் கன்னையா.

சீதாலெட்சுமி என்னைப் பார்த்தார். நான் சீட்டை அடுக்குவதுபோல் குனிந்துகொண்டேன். ஆள் மாற்ற ஆரம்பித்தால் முதலில் மைக், அப்புறம் பேனா என்று வரும். விசிறிக்கு நேரே இருந்த நாற்காலி என்னுடையது.

1985 தைப்பூசத்துக்கு வருகிறேன்.

காலை ஏழே முக்காலுக்குத் தண்ணீர்ப் பந்தல்காரர் ஒருவர் ஒரு பையனைத் தூக்கிவந்தார். மூன்று வயது இருக்கும். மொட்டைத் தலை, அதில் சந்தனம், புது மஞ்சள் சட்டை. தைப்பூசத்தன்று பத்துமலையில் இந்த அடையாளத்தைச் சொல்லிப் பிள்ளை தேடுவது, பாசாரில் போய்ப் பச்சையாக இருக்கிற காயைக் கொடு என்று கேட்கிற மாதிரி.

"பேரு என்னப்பா?" என்றேன்.

"தம்பி."

"அப்பா பேரு?"

"அப்பா."

நம் வீடுகளில் ஆண் பிள்ளைகளுக்கு நல்ல நாள் பார்த்துப் பெரிய பெயராக வைப்போம், அப்புறம் தம்பி என்று கூப்பிட்டே வளர்ப்போம். தொலைகிற வரைக்கும் அதில் ஒரு பிரச்சினையும் இல்லை. நான் சீட்டு எழுதினேன்: கண்டெடுக்கப்பட்ட ஆண் குழந்தை, மொட்டை, மஞ்சள் சட்டை, வயது மூன்று, வலது காலில் மட்டும் வெள்ளிக் கொலுசு. கன்னையா படித்தார். பையன் கித்தானுக்குப் பின்னால் போய்ப் படுத்துத் தூங்கிவிட்டான். உள்ளே அவனோடு சேர்த்து ஐந்து மொட்டைகள்.

ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்து, நாற்பது சீட்டுகள் தாண்டி, ஒரு பெண் வந்தாள். பெயர் தங்கமணி, ஊர் ஜெஞ்சாரோம், செம்பனைத் தோட்டத்தில் வேலை. கையில் காலியான பால்குடம், உடம்பில் அடிவாரத்து ஆற்றில் குளித்த ஈரம் காயாத மஞ்சள் புடவை. அவள் படியேறிப் பால்குடம் செலுத்திவிட்டு வரும்வரை, புருஷன் அய்யாவு மகனோடு படிக்குக் கீழே நிற்பதாகப் பேச்சு. இறங்கி வந்தால் இரண்டு பேரையும் காணோம்.

"பையன் பேரு?"

"விஜயன். மூணு வயசு, நீலச் சட்டை. முடி சுருட்டையா தோள் வரைக்கும் இருக்கும் அண்ணே. நான் வந்தப்புறம்தான் மொட்ட போடணும். மொத முடி என் மடியில விழணும்னு வேண்டுதல்." சொல்லும்போதே அவள் கை தோளில் இல்லாத முடியைத் தடவிக் காட்டியது. "வலது கால்ல மட்டும் கொலுசு இருக்கும். இன்னொன்னு பஸ்ஸுல விழுந்துருச்சி."

எழுதினேன். கடைசி வரியில் 'வலது காலில் மட்டும் வெள்ளிக் கொலுசு' என்று அச்சுப்போல எழுதினேன். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் இதே வார்த்தைகளை இதே பேனாவால் எழுதியவன் நான்தான். கை எழுதியது, நான் அங்கே இல்லை.

"உள்ள சின்னப் பசங்க இருக்காங்களா அண்ணே?" என்று எட்டிப் பார்த்தாள்.

"அஞ்சு பேரு இருக்காங்க, எல்லாம் மொட்டம்மா. முடி வச்ச பிள்ளை இல்ல" என்றேன்.

நம்பித் திரும்பிப் போனாள். அவள் ஏன் நம்ப மாட்டாள்? நான் சட்டைப்பையில் மன்ற பேட்ஜ் குத்தியிருந்தேன்.

அதிலிருந்து மூன்றரை மணி நேரம் கன்னையா இரண்டு சீட்டையும் மாற்றி மாற்றிப் படித்தார். நீலச் சட்டை அணிந்த, சுருட்டை முடியுள்ள, மூன்று வயது விஜயனைக் காணவில்லை. மிக முக்கிய அறிவிப்பு. மஞ்சள் சட்டை அணிந்த, மொட்டையடித்த, மூன்று வயது ஆண் குழந்தை கண்டெடுக்கப்பட்டுள்ளது. மிக முக்கிய அறிவிப்பு. ஒரே வாய்தான் ஒருவனைத் தேடியது, ஒருவனைக் கொண்டுபோகச் சொன்னது. நடுவில் சிவப்பு லோரி வேறு.

அரை மணிக்கு ஒருமுறை தங்கமணி வந்து நிற்பாள். நான் தலையாட்டுவேன். செருப்பில்லாத காலோடு தார் ரோட்டில் மறுபடி நடப்பாள். பத்து மணி வரை அழுதாள். பதினொன்றுக்கு அழுகை நின்றுவிட்டது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"ஆத்துல தண்ணி எவ்ளோ இருக்கும் அண்ணே?"

"முழங்கால் அளவுதாம்மா" என்றேன். அது பெரியவர்களின் முழங்கால் என்று இருவருக்குமே தெரியும்.

கன்னையாவும் கேட்டுவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. முகம் சுருங்கிப்போயிற்று. "கவலப்படாத தாயி, நான் விடமாட்டேன். இன்னும் இருபது தரம் படிக்கிறேன்" என்றார். சொன்னபடியே படித்தார். வந்த வினையே அதுதான், ஆனால் அது அவருக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு தடவையும் இன்னும் சத்தமாக, அதே ராகத்தில் படித்தார். கூட்டத்தில் ஒரு தலை திரும்பவில்லை. உருமிச் சத்தத்துக்கு நடுவே கன்னையாவின் குரலும் இன்னொரு இரைச்சலாகக் கலந்துபோயிருந்தது.

பன்னிரண்டு பத்துக்கு அந்தக் குரல் போயிற்று. "அன்பார்ந்த" என்று தொடங்கினார், மிச்சம் காற்றாக வந்தது. இரண்டாம் தடவை காற்றும் வரவில்லை. சீதாலெட்சுமி எழுந்து வந்து, சொல்லாமல் கொள்ளாமல் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கன்னையா கையால் தடுத்தார், தொண்டை ஒத்துழைக்கவில்லை.

சீதாலெட்சுமி அன்றைக்குத்தான் அந்தச் சீட்டுகளை முதல்முறை பார்க்கிறார். காலை முழுக்கப் பக்கத்து மேசையில் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கேட்டது வேறு, கண்ணால் வாசிப்பது வேறு. விஜயன் சீட்டைப் படித்தார். மொட்டைப் பையன் சீட்டை எடுத்தார். பாதியில் நின்றார். மைக் திறந்தே இருந்தது.

"இருங்க, இருங்க. மாஸ்டர், இந்தக் கொலுசு என்னா ரெண்டு சீட்டுலயும் இருக்கு?"

பத்துமலை முழுக்க அது கேட்டது.

"ரெண்டும் உங்க கையெழுத்துதானே?"

அதுவும் கேட்டது. அடிவாரத்தில் போய்க்கொண்டிருந்த கூட்டம் ஒரு கணம் அசையாமல் நின்று ஸ்பீக்கரைப் பார்த்தது. இத்தனை வருஷத்தில் எங்கள் பந்தலை நோக்கி அத்தனை தலைகள் திரும்பி நான் கண்டதில்லை. நான் மேசைக்கு அடியில் எதையோ தேடுவதுபோல் குனிந்தேன். சீதாலெட்சுமி கித்தானை விலக்கிப் பையனின் காலைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார்.

"ஜெஞ்சாரோம் தங்கமணி, எங்க இருந்தாலும் ஓடியா. உன் புள்ளைக்கு முடிதான் போயிருக்கு. புள்ள இங்கதான் இருக்கான்."

வந்தாள். யாரோ வழிவிட்டார்கள், யாரோ கூடவே ஓடி வந்தார்கள். பையன் எழுந்து உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தான். "அம்மா, மொட்ட" என்று தலையைத் தொட்டுக் காட்டினான். அவள் அவனைப் பார்த்தபடி நின்றாள். ஒரு கணம்தான். அந்த ஒரு கணம் அவளுக்கே அவன் யாரோவாகத்தான் தெரிந்தான் என்று எனக்குப் பட்டது. அப்புறம் விழுந்து வாரி எடுத்துக்கொண்டாள்.

பின்னாலேயே அய்யாவு வந்து சேர்ந்தான். நனைந்த வேட்டி, கையில் ஒரு பிளாஸ்டிக் பை, பைக்குள் சுருட்டை முடி. ஆற்றங்கரையில் முடியெடுக்கிறவரிடம் ஆள் குறைவாக இருந்ததாம். வரிசை நீளுவதற்குள் முடித்துவிடலாம் என்று மொட்டை போட்டு, குளிப்பாட்டி, புதுச் சட்டை மாட்டி, வேட்டியைப் பிழியத் திரும்பினானாம். பிள்ளை இல்லை. பெண்டாட்டி இறங்குவதற்குள் கண்டுபிடித்துவிடலாம் என்று ஆற்றங்கரையையே சுற்றியிருக்கிறான்.

"ஸ்பீக்கர்ல மொட்டப் பையன்னு காலையிலேருந்து சொன்னமே, கேக்கலயா?" என்றேன், குற்றத்தை யார் தலையிலாவது இறக்கிவைக்கும் அவசரத்தில்.

"என்னமோ சொல்லிக்கிட்டே இருந்தாங்கண்ணே. நான் புள்ளையத் தேடுற மும்முரத்துல கவனிக்கல" என்றான்.

கன்னையா நாற்காலியிலிருந்து எழுந்தார். அவள் முன்னால் போய்க் கைகூப்பினார். தொண்டையிலிருந்து கரகரவென்று கொஞ்சம் வந்தது.

"மன்னிச்சிரு தாயி. நாலு மணி நேரமும் எனக்குப் பின்னாலதான் இருந்தான். நான்தான் படிச்சேன். ரெண்டையும் நான்தான் படிச்சேன்."

தங்கமணி திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எங்கள் இருவருக்கும் சௌகரியமாக இருந்திருக்கும். அவள் பையனின் தலையில் காய்ந்த சந்தனத்தைப் புடவையால் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"நானும் கேட்டேன் அண்ணே. முப்பது தரம் கேட்டிருப்பேன். மொட்டன்னு சொன்னதுமே காத எடுத்துக்குவேன், என் புள்ளைக்குத்தான் முடி இருக்கேன்னு. இந்தப் புள்ளையப் பெத்தவ எங்க போய்த் தொலைஞ்சாளோ, பாவி, இன்னும் வந்து தூக்காம இருக்காளேன்னு மனசுக்குள்ள திட்டிக்கிட்டே நடந்தேன்."

அவர்கள் மூன்று பேரும் கூட்டத்தில் கலந்து போனார்கள். அந்தக் கூட்டத்தில் அப்போதும் எத்தனையோ மஞ்சள் சட்டைகள், எத்தனையோ மொட்டைகள்.

அடுத்த வருஷம் கன்னையாவே ஓர் அட்டையில் எழுதிக் கம்பத்தில் தொங்கவிட்டார்: மைக்கில் யாரும் அரை மணிக்கு மேல் உட்காரக் கூடாது. தன் முறை முடிந்ததும் எழுந்து கித்தானுக்குப் பின்னால் போய், ஒவ்வொரு பிள்ளையாகக் கால் முதல் தலை வரை பார்த்துவிட்டு வருவார். அலுவலகத்தில் முத்திரை குத்துமுன் தாளைப் படிக்கவும் ஆரம்பித்தார். வேலை தேங்குகிறது என்று மேலதிகாரி எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். கன்னையா அதை முழுவதும் படித்துவிட்டு, 'டித்ரீமா' குத்தினார்.

நான் மாறினேனா என்று கேட்காதீர்கள். மாறினேன் என்றுதான் நினைத்தேன். வருகிற ஒவ்வொருவரிடமும் முதல் கேள்வியாக "மொட்டையா, முடியா?" என்று கேட்டேன். முதல் வருஷம் கேட்டுவிட்டு முகத்தைப் பார்த்தேன். இரண்டாம் வருஷம் பேனாவைப் பார்த்தேன். 1988-இல் ஒரு அம்மாள், அறுபது வயது இருக்கும், அழுதுகொண்டே வந்து தன் வீட்டுக்காரரைக் காணோம் என்றார்.

"மொட்டையா, முடியா?" என்றேன் குனிந்தபடி.

"அவருக்கு முப்பது வருசமா வழுக்கை தம்பி" என்றார்.

நான் 'மொட்டை' என்று எழுதினேன். அச்சுப்போலத்தான் எழுதினேன். பின்னாலிருந்து ஒரு கை வந்து பேனாவை உருவியது. கன்னையா நின்றுகொண்டிருந்தார்.

"எந்திரிங்க மாஸ்டர்" என்றார். "உங்க அரை மணி எப்பவோ முடிஞ்சிருச்சி."